எறும்புக்கு ஓய்வு

சந்திரமௌலி சார் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

கிண்டியில் எங்கள் பல்கலைக்கழக லேபில் நானும் என்னோடு ஆராய்ச்சி செய்யும் சைஃபும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதினோம். பெயர் எறும்பு. மற்ற சிஸ்டங்களைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். எறும்புக்கு அது வேண்டாம். ஓடும் பஸ்ஸில் டயர் மாற்றுவது போல, அது ஓடும்போதே பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிவிடுவோம். நாலு வருடத்தில் முதல் எறும்பு ஐந்தாம் எறும்பாகிவிட்டது. மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. என் பிஎச்.டி. முழுக்க அந்த ஒரு மெஷின்தான். விஜயதசமிக்கு மறுநாள் அதைப் பார்க்கக் கமிட்டி வருவதாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு நான் தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் இருந்தேன். அப்பாவும் பில் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைப்பவர்தான். அணைக்க மட்டும் மாட்டார். தீபாவளிக் கூட்டம் வாசலில் நிற்கும்போது யார் அணைப்பார்கள்?

விஜயதசமி காலை லேபுக்கு வந்தால் எறும்பின் மெஷின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு பிடி பொரி. ஃபேன் சத்தமே இல்லை. வயரைப் பிடுங்கி அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"யார் சார் இத அணைச்சது?"

"நான்தாம்மா. கருவிக்கெல்லாம் ஒருநாள் ஓய்வு குடுக்கணுமோல்லியோ? எங்காத்துல மிக்ஸியைக்கூடத் தொடமாட்டோம். இப்போ போட்டுக்கோயேன்."

லேபின் தலைவர் இவர். எங்கள் கட்டுரைகளில் எல்லாம் இவர் பெயர்தான் முதலில் வரும். ஒன்றையாவது படித்திருந்தால் அந்த வயரில் கை வைத்திருப்பாரா?

வயரைச் சொருகிப் போட்டேன். திரையில் ஒரே வரி வந்தது: 'வணக்கம். எறும்பு 1.'

"இன்னா மச்சி, ஒண்ணு வருது? அஞ்சு எங்க?" என்றான் சைஃப்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு முதல் ஐந்து வரை எல்லாவற்றையும் ஓடுகிற மெஷினுக்குள்தான் ஏற்றினோம். அணைத்துப் போட்டால் தானாகக் கிளம்பத் தெரிந்தது முதல் எறும்புக்கு மட்டும்தான். மற்றவற்றின் பாகங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சேர்த்து முதலிலிருந்து கிளப்புகிற ப்ரோகிராமை நாங்கள் இருவரும் எழுதவே இல்லை. நிற்கவே நிற்காத ஒன்றைக் கிளப்புவானேன் என்று இருந்துவிட்டோம். நாங்கள் பெரிய புத்திசாலிகள்! எங்கள் மேல் வந்த எரிச்சலும் சேர்ந்து எனக்குத் தலை கொதித்தது.

"ஒரு மாசமாவது ஆவும் மச்சி. நாளைக்கு சான்ஸே இல்ல."

சார் எட்டிப் பார்த்தார். "அட, வந்துடுத்தே! இதுக்கா இவ்ளோ கூச்சல் போட்டேள்?"

மறுநாள் கமிட்டியில் ஒரு அம்மா கேட்டார்: "இது எத்தன நாளா நிக்காம ஓடுது?"

"நாலு வருஷமா. ஒரு தடவகூட நின்னதில்லை," என்றார் சார், கண் இமைக்காமல்.

என் பட்டம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. சைஃப் என் கையைப் பிடித்து இழுத்தான். நான் உதறினேன்.

"நேத்து காலைலருந்து மேடம்," என்றேன். "முந்தாநாள் சார் பொட்டு வச்சு அணைச்சிட்டாரு."