அக்கா, அந்தச் சீட்டு யாரோடது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ரோஜாக் கன்று வாங்கப் போன இடத்தில், "இது என்ன நிறம் பூக்கும்?" என்று கேட்டேன். நர்சரிக்காரம்மா தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியலைங்க. இதோட சீட்டை மான் கொண்டுபோயிடுச்சு" என்றார்.

"தின்னுடுச்சா?"

"இல்லைங்க. கொம்புல மாட்டிக்கிட்டு சுத்துது."

எழுதுகிறவன் காதில் இப்படி ஒரு பேச்சு விழுந்தால் ரோஜாவாவது ஒன்றாவது. அங்கேயே ஒரு உர மூட்டைமேல் உட்கார்ந்து அரை மணி நேரம் அந்த அம்மாவின் வாயைக் கிளறினேன். அன்று புதன்கிழமை. சனிக்கிழமை காலையில் அவருடைய தம்பி துப்பாக்கியோடு வரப்போகிறான் என்பதும், மானைச் சுடுவதற்கான அனுமதித் தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மீதிக் கதை ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. முடிவு இன்னும் கிடைக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி விலகாத காலை. அந்த மான் தலையை நிமிர்த்தியது. அதன் கரிய பெரிய விழிகளில் ஒரு

அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். மானின் கண்ணைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. தீர்ப்பு மான் பக்கம்தான். நம் ஆட்கள் காலங்காலமாக அழகான பெண்களுக்கெல்லாம் மானின் கண்ணைக் கடன் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எலியும்தான் நர்சரியில் வேரைக் கடிக்கிறது. எலியின் கண்ணை யாராவது வர்ணித்தார்களா? நர்சரிக்காரம்மா வாரம் தவறாமல் எலிப்பொறி வைக்கிறார். அதைப் பற்றிக் கதை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. ஆகவே இந்தக் கதையில் மானுக்கு வாய் உண்டு, கொம்பு உண்டு, கண் கிடையாது.

[என் மனைவி ஓரத்தில் பென்சிலால் எழுதியது: "குருட்டு மானா?"]

இரண்டாவது தொடக்கம், கொஞ்சம் யோக்கியமானது:

நர்சரிக்காரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நர்சரி. புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரிக்கு நானூறு மரக்கன்றுகள் வளர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். அது கைவிட்டுப் போனால் நர்சரியை மூடிவிட்டு மகள் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். மகள் தங்கமானவள். ஆனால் அந்த வீட்டில் இருக்கும் ஒரே செடியும் பிளாஸ்டிக் செடி. வாரம் ஒருமுறை துடைத்து வைப்பார்கள்.

மூன்று வாரத்தில் மான்கள் தொண்ணூறு கன்றுகளைக் காலி செய்திருந்தன. நுனியைத் தின்றது பாதி, கொம்பை உரசிப் பட்டையை உரித்துவிட்டுப் போனது பாதி.

3

(இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னாள் மனைவி. எனக்கு மனசு வரவில்லை.)

சுடுவதற்கு முன்னால் அந்த அம்மா என்னென்ன செய்து பார்த்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அது அவருக்குச் செய்யும் துரோகம். வேலி போட்டார், தாண்டின. வேலியை உயர்த்தினார்; அடியில் புகுந்தன. சோப்புக் கட்டிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். வாசனைக்கு இரண்டு நாள் தள்ளி நின்றன, மூன்றாம் நாள் பழகிவிட்டது. முடிவெட்டும் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக மனித முடி வாங்கி வந்து தூவினார். காற்றில் பறந்து அவர் வீட்டுக் குழம்பில்தான் விழுந்தது. பட்டாசு வெடித்தார், ஒரே ஒரு நாள். ரேடியோ வைத்தார். மான்கள் நின்று செய்தி முழுவதையும் கேட்டுக்கொண்டே மேய்ந்தன.

கூட்டத்துக்குத் தலைவன் ஒரு பெரிய கொம்பு மான். அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. "வர்றதே சாப்பிடத்தான். நல்லதா பாத்து சாப்பிடுவாரு, குறை சொல்ற மாதிரி ஒரு பார்வை பாப்பாரு, போயிடுவாரு" என்றார். பெயர் வைத்தது தப்பு என்று அவருக்கே தெரியும். பெயர் வைத்ததைச் சுடச் சொல்வது லேசான காரியமா?

அடுத்த தப்பு சீட்டு. செடிப் பெயர் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் சீட்டுகளை மான்கள் இழுத்து இழுத்துத் தொலைத்ததால், மெல்லிய கம்பிக்குப் பதிலாக நைலான் கயிற்றில் கட்டினார். மூன்று முடிச்சு. நர்சரிக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி. செடி ஒடிந்தாலும் ஒடியுமே தவிர முடிச்சு அவிழாது. மறுநாள் மாப்பிள்ளை கொம்பைச் சிலுப்பியபடி காட்டுக்குள் போனார், இடது கொம்பில் ரோஜாவின் விலாசத்தோடு.

4

தம்பி. இவனிடம்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் எழுதியதில் அவனுக்கு முறுக்கு மீசை, சிவந்த முகம், அதிர்கிற சிரிப்பு எல்லாம் கொடுத்திருந்தேன். வேட்டைக்காரன் என்றால் இருக்க வேண்டாமா? பிறகு வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் ஆளை நேரில் பார்த்தேன். பஸ் டிரைவர். கீச்சுக் குரல். தூசி ஒத்துக்கொள்ளாமல் நிமிடத்துக்கு ஒரு தும்மல். மீசையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பதினோரு வருடமாக லைசன்ஸ் வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் மானை அடித்துத் தின்கிற மிருகம் எதுவும் மிச்சமில்லை. மான் மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. அதனால் வனத்துறை வருடத்துக்கு இத்தனை என்று சுட அனுமதிக்கிறது. காதில் மஞ்சள் வில்லை மாட்டிய மான்கள் ஆராய்ச்சிக்கானவை, அவற்றைத் தொடக்கூடாது. தம்பிக்கு அதற்கு மேலும் சொந்தச் சட்டங்கள் உண்டு. அறுபது அடிக்கு அப்பால் சுடமாட்டான். ஓடுகிறதைச் சுடமாட்டான். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடமாட்டான். ஒருமுறை குண்டு தவறி காலில் பட்டுவிட்டது. பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் ரத்தத் தடத்தைத் தேடி அலைந்திருக்கிறான். கிடைக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வருடம் துப்பாக்கியைத் தொடவில்லை.

"பாவமா இல்லையா?" என்று கேட்டேன். கேட்கிற முகத்தை நியாயவான் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"பாவமாத்தான் இருக்கு. வறட்சில எலும்பும் தோலுமா ரோட்டோரம் விழுந்து கிடக்கும், பஸ்ஸுல போகும்போது பாப்பேன். அதுவும் பாவமாத்தான் இருக்கு." தும்மினான். "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"கோழி."

"அதைக் கொன்னவர்கிட்ட இதைக் கேட்டீங்களா?"

நான் பஸ் நேரத்தை விசாரித்தேன்.

(இங்கே ஒரு சந்தேகம். இவன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் கதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாதா? சமன் செய்வதற்காக ஒரு கெட்ட குணம் தேடினேன். ஸ்டாப்பில் கைகாட்டினால் பத்தடி தள்ளித்தான் நிறுத்துவானாம். இதை வைத்து என்ன செய்வது?)

5

சனிக்கிழமை காலை, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு.

தம்பி தொட்டி அடுக்கும் கொட்டகை ஜன்னலில். அக்கா முன்பக்க வீட்டு அடுப்படியில். ஒன்றைச் சுட்டால் கூட்டம் ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கம் தலைவைக்காது என்பது தம்பியின் அனுபவம். அந்த ஒரு மாதம் போதும், மிச்சக் கன்றுகள் பிழைத்துக்கொள்ளும். வெடிச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டு எதுவும் கைதவறிவிடக்கூடாது என்று நர்சரிக்காரம்மா பாத்திரத்தை எல்லாம் மேடையில் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வெடிக்குப் பதிலாக ஃபோன் அடித்தது.

"அக்கா." மூச்சுக் காற்று மாதிரி ஒரு குரல். "உன் மாப்பிள்ளைதான் வந்திருக்காரு. அம்பது அடி. பின்னாடி மண்மேடு. அசையாம நிக்கிறாரு."

"ம்."

"மஞ்சளா ஏதோ தொங்குதுக்கா. அந்தச் சீட்டு யாரோடது? வனத்துறையோடதா, உன்னோடதா?"

'என்னோடது' என்றால் வெடி. 'வனத்துறையோடது' என்றால் மாப்பிள்ளை காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்புவார், மழைக்கு முன்னால் நர்சரியையும் முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் இதுவரைக்கும் சொல்லிவிட்டு, "அடுப்புல பால் பொங்குது" என்று அந்த அம்மா வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். பால் இன்னும் பொங்கிக்கொண்டே இருந்தது.

6

வேறு வழி? நானே முடித்துப் பார்த்தேன்.

முடிவு அ: பொய் சொல்கிறார். தம்பி துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். கன்றுகள் போகின்றன, நர்சரி போகிறது. மகள் வீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் செடியைத் துடைத்தபடி அவர் புன்னகைக்கிறா

[மனைவி: "அந்தம்மா சிரிக்கிறாங்களா? நீங்க போய் தொடச்சுப் பாருங்க, தெரியும்."]

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறார். ஒரே வெடி. கறி சமைக்கிறார், அழுதுகொண்டே சாப்பிடுகிறார்.

[மனைவி: "உப்பு சரியா இருந்துச்சான்னு எழுதுங்க. அழுதா பசிக்காதா?"]

முடிவு இ: சரியாக அந்த நேரத்தில் சிக்னல் போய்விடுகிறது.

[மனைவி தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.]

7

அடுத்த புதன்கிழமை மூன்று முடிவுகளையும் எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். முடியும் குழம்பும் வந்த இடத்தில் சிரித்தார். ஐந்தாம் பகுதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"எழுத்தாளரே, இங்க ஒண்ணு தப்பு."

"என்ன?"

"என் தம்பி தெரியாம கேட்டான்னு எழுதியிருக்கீங்க. பதினோரு வருஷம் சுடுறவன். வில்லையைக் காதுல குத்துவாங்க, இது கொம்புல தொங்குது. கொம்பு வருஷத்துக்கு ஒருவாட்டி உதிர்ந்துடும். அதுல போய் யாராவது அடையாளம் மாட்டுவாங்களா? பாத்ததுமே அவனுக்குத் தெரியும், அது என் சீட்டுன்னு."

"அப்புறம் ஏன் கேட்டான்?"

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "தாள்ல கையெழுத்துப் போட்டப்போ நான் நின்னுக்கிட்டே போட்டேங்க. தண்ணி பாய்ச்சப் போற அவசரத்துல. அவன் அதைப் பாத்துக்கிட்டே இருந்தான். அதான் இன்னொருவாட்டி கேட்டான். பழியை என்மேல போடுறதுக்கு இல்ல. நான் 'அவங்களோடது'ன்னு சொன்னாலும், சரிக்கான்னுட்டு வந்துடுவான். பொய்யின்னு தெரிஞ்சே வருவான். சாகுற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்ட மாட்டான்."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மானுக்காக இல்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஃப்ரிட்ஜ் உள்ளேதான் இருக்கு. மேல் கதவு. திறந்து பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு கன்றுகள் பக்கம் போய்விட்டார்.

அடுப்படிக்குப் போனேன். சாதாரணமான ஃப்ரிட்ஜ். மேல் கதவில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த தேதியை எழுதி ஒட்டியிருந்தார். கைப்பிடியில் கை வைத்தேன். திறந்திருந்தால், கறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நிமிடத்திலிருந்து நான் அந்த அம்மாவுக்கு மார்க் போடுகிறவன் ஆகியிருப்பேன். தம்பி செய்யாத வேலையை நான் செய்வானேன்? கையை எடுத்துவிட்டேன்.

கோழை என்று திட்டுகிறீர்களா, திட்டுங்கள். உங்களுக்கு வேண்டுமானால் போய்த் திறந்து பாருங்கள், வீடு பூட்டுவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவனுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். ஐம்பது அடியில் மான் நிற்கிறது, அவன் தும்மலை அடக்கிக்கொண்டு ஃபோனைப் பிடித்திருக்கிறான், ரொம்ப நேரம் அடக்க முடியாது. நீங்கள் எதைச் சொன்னாலும் அவன் 'சரிக்கா' என்றுதான் சொல்லப்போகிறான்.