டீச்சருடைய விக்கி

இரத்தோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரேதான் எங்கள் நெட் கடை. கடைக்குப் பின்னால் வீடு. 2008இல், சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டாவது தவறாமல் வந்துவிடுவார் புஷ்பராணி டீச்சர்.

பிடித்த பக்கங்களை எங்கள் கணினியில் புக்மார்க் செய்துவிட்டுப் போவார். பொதுக் கணினி, அடுத்து வருகிறவன் அழித்துவிடுவான். அதனால் என் கணவர் டீச்சருக்கென்று இணையத்திலேயே விக்கி என்று ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தார். நினைத்தபோது எழுதி, நினைத்தபோது திருத்தலாமாம். பின்னேரம் கடை ஓய்ந்ததும், டீச்சரின் புக்மார்க்குகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றி, எது எதற்கு என்று பக்கத்தில் ஒரு வரியும் எழுதுவார். வீட்டில் சீனி டப்பா எது, உப்பு டப்பா எது என்று தெரியாத மனுஷன்! தன் ஈமெயில் பாஸ்வேர்டையே குசினிப் பக்கம் திரும்பி என்னிடம் கேட்கிற மனுஷன்!

அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்னதாங்க அடுக்குறீங்க அதுல? தொறந்து காட்டுங்க பாப்போம்."

"எல்லாம் விஞ்ஞானப் பாடம்தான். ஒனக்கு ஏன் வயிறெரியுது?" என்று சிரித்துக்கொண்டே கீபோர்டை இழுத்தார்.

திரையில் தாவரம், மின்சாரம், அமிலம் என்று பாடங்கள்தான் வந்தன. பாடத்தோடு எனக்கென்ன கோபம்? ஆனால் அதைத் திறக்க டீச்சருடைய பாஸ்வேர்டை அடித்தாரே, அவ்வளவு நீளப் பாஸ்வேர்டை, எங்கேயும் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.