அப்டேட் வரும், அத்தான்

எங்கள் கடைக்கு டேப்லெட் வாங்க வருகிறவர்களில் பத்தில் ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்பார். "இதுக்கு அப்டேட் எல்லாம் வருமா?" மற்ற ஒன்பது பேரும் திரை எத்தனை இன்ச், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், கவர் இலவசமா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்கிற அந்த ஒருவருக்கு நான் வைத்திருந்த பதில், "வரும் சார்." சொல்லும்போதே பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்துவிடுவேன். கிழித்த பிறகு யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

உண்மை எனக்குத் தெரியும். விலை குறைந்த டேப்லெட்டுக்கு அப்டேட் வருவது அத்தி பூத்த மாதிரி. செய்கிற கம்பெனி விற்றவுடன் கையைக் கழுவிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் அதிலிருக்கும் ஆப்கள் ஒவ்வொன்றாக, 'உன் டேப்லெட் பழசு, உனக்கும் எனக்கும் ஒத்துவராது' என்று கதவைச் சாத்தும். அதற்குள் வாங்கியவர் அதைக் கீழே போட்டு உடைத்திருப்பார், இல்லையென்றால் பிள்ளைகள் உடைத்திருப்பார்கள். என் பொய்க்கு அவ்வளவு ஆயுள் போதும் என்று நினைத்திருந்தேன்.

கடையில் எனக்கு 'அழிச்சுப்போடு' என்று பட்டப்பெயர். எந்த ஆப் மக்கர் பண்ணினாலும், கொண்டுவந்தவர் சொல்லி முடிப்பதற்குள், "அழிச்சுட்டு மறுபடி போட்டா சரியாயிடும்" என்பேன். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகிவிடும். மீதிப் பத்தும் என்ன ஆயின என்று நான் யோசித்ததில்லை.

என் அக்காவின் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வெண்கலத் தொண்டை. தெருவின் அந்த முனையில் அவர் "பிரேக்கை மிதி!" என்று கத்தினால், இந்த முனையில் சைக்கிளில் போகிறவனும் பிரேக் போடுவான். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு வழி சொன்னார். டேப்லெட்டில் போட்டுக்கொள்ள ஓர் ஆப் இருக்கிறது. வேண்டிய வாக்கியங்களை இப்போதே பேசிப் பதிந்து வைத்தால், பிறகு பொத்தானைத் தொட்டதும் அவர் குரலே பேசும். அக்கா எனக்குப் போன் செய்தாள். "நீதான்டா நல்லதா பார்த்து எடுத்துக் கொடுக்கணும். எங்களுக்கு இதுல என்ன தெரியும்?"

இரண்டு டேப்லெட்டுகளை எடுத்து வைத்தேன். ஒன்றுக்குச் சுமாரான திரை, சின்ன ஸ்பீக்கர்; ஆனால் நான்கு வருடம் அப்டேட் தருவதாக அந்தக் கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது, தந்தும் வந்தது. இன்னொன்றுக்குப் பளபளவென்ற திரை, கணீரென்ற ஸ்பீக்கர். அப்டேட் என்பது அதன் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அந்த மாதம் அதைத் தள்ளிவிடச் சொல்லி மேனேஜர் எங்கள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். பேசத்தானே வாங்குகிறோம், ஸ்பீக்கர்தானே முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரை ஏமாற்றிப் பழகியவனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்வது பெரிய வேலையில்லை.

அத்தான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் அப்போதே கரகரத்துப் போயிருந்தது. "ஏன் மச்சான், இதுக்கு அப்டேட் எல்லாம் வருமா? ஸ்கூல்ல ஒருத்தர் அதைக் கட்டாயம் கேளுங்கன்னார்."

"வரும் அத்தான்" என்று சொல்லி ஒட்டுத்தாளைக் கிழித்தேன்.

ஆப்பையும் நானே போட்டுக் கொடுத்தேன். பதிவுகளுக்கு ஒரு நகல் எங்களிடமும் இருக்கட்டும், கணக்கு திறக்கிறீர்களா என்று அது கேட்டது. 'பிறகு' என்பதை அழுத்தினேன். எல்லோருக்கும் அப்படித்தான் அழுத்துவேன். அத்தானுக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

அக்கா ஒரு நோட்டில் வாக்கியங்களை எழுதினாள். டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்தார்கள். சத்தமில்லாத இடம் என்று அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். "தண்ணி கொடு." "இங்க வலிக்குது." "இந்த போர்டைப் பார்த்தா என்ன பண்ணணும், சொல்லுங்க பார்ப்போம்." "டேய் மச்சான், உங்கக்கா சமையலைக் குறை சொல்லாதே. நீ போயிடுவே, நான்தான் இங்க இருக்கணும்." இப்படி இருநூற்று நாற்பது. கடைசி நாள் அக்காவைக் காரைவிட்டு இறங்கச் சொல்லிவிட்டு, நோட்டில் இல்லாத ஒன்றைத் தனியாகப் பதிந்தாராம். அது எந்தப் பொத்தான் என்று அவளுக்கு மட்டும் காட்டினார். நான் அதைக் கேட்டதே இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் ரோட்டில் பாடம் நடத்த முடியவில்லை. விரல் பொத்தானைத் தேடிப் பிடிப்பதற்குள் கார் நடைபாதை மேல் ஏறிவிடும். ஸ்கூல்காரர்கள் நல்லவர்கள்; அறைக்குள் சாலை விதி சொல்லிக்கொடுக்கும் வகுப்பை அவருக்கு ஒதுக்கினார்கள். ஒரு கையில் சின்ன வெள்ளைப் பலகை, மறு கையில் டேப்லெட். அவர் பலகையில் நாற்சந்தி வரைவார், டேப்லெட் அதட்டும். வகுப்பில் தூங்குகிறவர்களுக்கென்றே, "வண்டியில தூங்கினா நேரா மேலதான் போவே" என்று ஒரு பொத்தான் இருந்தது. அது பழைய வெண்கலத்தில் ஒரு பாதியாவது இருந்தது.

இரண்டரை வருடம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை, எனக்கு வார லீவு, அக்கா போன் செய்தாள். "டேய், உங்கத்தான் பேச மாட்டேங்கறார்டா."

போனேன். திரையில் ஒரே ஒரு கட்டம் நின்றது: இந்தப் பதிப்பு இனி இயங்காது, புதிய பதிப்புக்கு மாறவும். மாறவும் என்பதைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அத்தான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். ஒருமுறை அணைத்துப் போட்டேன். அதே கட்டம்.

"ஒண்ணுமில்லக்கா, அழிச்சுட்டு மறுபடி போட்டா சரியாயிடும்."

சொல்லி முடிப்பதற்குள் விரல் அழித்துவிட்டது. அந்த விரலுக்குப் பத்து வருடப் பழக்கம், என்னைக் கேட்டு அது வேலை செய்வதில்லை. மறுபடி போடப் போனேன். 'இந்த ஆப் உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது' என்று வந்தது. அந்த வரியை வாடிக்கையாளர் கைகளில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாகப் படித்தேன். பதிவுகளெல்லாம் அந்த ஆப்போடுதான் இருந்தன, நகல் எங்கும் இல்லை, 'பிறகு' என்று அழுத்தியவனும் நான்தான்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"பதிப்பு பழசாயிடுச்சுக்கா. கம்பெனிக்கு எழுதிக் கேட்கறேன்."

டேப்லெட்டைக் கடைக்கு எடுத்துப்போனேன். எங்கள் சர்வீஸ் அண்ணன் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். கம்பெனிக்கும் எழுதினேன். அக்கா தினமும் போன் செய்து கேட்டாள். அத்தான் வெறும் பலகையை வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தார். அவர் எழுதி முடிப்பதற்குள் படிக்க வந்தவர்கள் போனை எடுத்துவிடுகிறார்களாம். தூங்குகிறவனை எழுப்ப மேஜையைத் தட்டவேண்டியிருந்ததாம்.

பதினோராம் நாள் பதில் வந்தது. மரியாதையான கடிதம். 'கவலை வேண்டாம். ஆப் திறக்காவிட்டாலும் குரல் பதிவுகள் அதற்குள் பத்திரமாக இருக்கும். புதிய டேப்லெட்டுக்கு அவற்றை மாற்றிக்கொள்ளலாம், வழியை இணைத்திருக்கிறோம். எக்காரணம் கொண்டும் ஆப்பை அழித்துவிடாதீர்கள்.'

கடையின் பின்பக்கம், காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்று மூன்று தடவை படித்தேன். இரண்டரை வருடத்துக்கு முன் நான் சொன்ன பொய்கூட அந்தக் குரலைக் கொல்லவில்லை. கதவைத்தான் அடைத்தது. உள்ளே புகுந்து கொன்றது என் கை. சாயங்காலம் வரை ஒருவருக்கும் ஒன்றும் விற்காமல் நின்றேன்.

அக்காவிடம் மறைக்க என்னால் முடியவில்லை. அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் கத்தி நின்றது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம். குழாயைத் திறந்து, தண்ணீர்ச் சத்தத்தை வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"அவர்கிட்ட சொல்லாதே" என்றாள் பிறகு. "வந்துடும்னு நினைச்சுக்கிட்டுத்தான் அவர் வேலைக்கே போறார். வராதுன்னு தெரிஞ்சா படுத்துடுவார்டா. சத்தியமா சொல்லிடாதே." அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

என் பணத்தில் ஒரு புது டேப்லெட் வாங்கினேன், அப்டேட் வருகிறதை. அதில் ஆப்பைப் போட்டால் எழுதுவதைப் படிக்க ஒரு குரல் இருந்தது; சுத்தமான, சளி பிடிக்காத, யாருடையதும் அல்லாத குரல். அத்தான், "தண்ணி கொடு" என்று எழுதினார். அது தண்ணீர் கேட்டது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள், "யாரோ வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு." அவர் சத்தத்தை அணைத்தார். அதை அவர் மறுபடி தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அத்தானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் பலகையில் எழுதிக் காட்டினார்: என் குரல் வருமா?

"வரும் அத்தான்."

அவர் என்னையே பார்த்தார். எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு, நிதானமாக எழுதினார்: கடையிலயும் இதைத்தான் சொன்னே.

எனக்கு முகம் தொங்கிப்போனது. இருபது வருடம் ரோட்டில் புது ஆட்களை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர்; கால் பிரேக்குக்குப் போகுமுன்பே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவரிடம் என் வித்தை எத்தனை நாள் பலிக்கும்? அக்காவுக்குச் செய்த சத்தியத்தை மீறினேன். 'பிறகு' என்று அழுத்தியது, அழித்தது, கடிதம், எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை.

அவர் மார்க்கர் பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். உள்ளறையிலிருந்து திடீரென்று அவருடைய பழைய குரல் கேட்டது. "நகரு... இன்னும் கொஞ்சம் நகரு, வெளிச்சம் வரட்டும்." அக்காவின் போனில் பதினோரு விநாடி வீடியோ ஒன்று இருந்தது. வீட்டில் எப்போதும் படமெடுக்கிறவர் அவர்தான்; எடுக்கும்போது வாயைத் திறக்கமாட்டார் என்பதால் எந்த வீடியோவிலும் அவர் பேச்சு இல்லை, இது ஒன்றைத் தவிர. அவள் அதைத் திரும்பவும் ஓடவிட்டாள். "நகரு... இன்னும் கொஞ்சம் நகரு."

அத்தான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பலகையை மடியில் வைத்துச் சின்ன எழுத்தில் எழுதினார்: அவளுக்குச் சொல்லாதே. பாவம், காத்திருக்கிறாள்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

இப்போது கடையில் யாராவது, "அப்டேட் வருமா?" என்று கேட்டால், வராததற்கு வராது என்றுதான் சொல்கிறேன். ஏன் முக்கியம் என்றும் சொல்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிடுகிறேன் போல. டேப்லெட் கவர், சார்ஜர் விற்கிற மேஜைக்கு மேனேஜர் என்னை மாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் சாப்பாடு. தட்டில் பரிமாறிக்கொண்டே அவள் அவருக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்பாள். "ஏன்டா, அந்தக் கம்பெனிக்காரன் என்னதான் சொல்றான்? எப்போ வருமாம்?"

அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஆவலோடு புருவத்தை உயர்த்தி என்னைப் பார்ப்பார். அக்கா அவரைப் பார்ப்பாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு, "வரும்க்கா" என்பேன்.

அவர் பலகையை எடுத்து, 'அவசரமில்லை' என்று எழுதி அவளிடம் காட்டுவார். அவள் படித்துவிட்டுச் சிரித்து, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பாள்.