சுறா இழுத்த அரைஞாண்

நான் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறேன். அரியலூரைச் சுற்றியுள்ள கல்லெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்ததாம். உடைத்தால் சில நேரம் சுறாப்பல் வரும். மற்ற டிரைவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் மட்டும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். மூன்று வருஷத்துக்கு முன்புவரை உயிருள்ள சுறாக்களோடு ஒரே தண்ணீரில் கிடந்தவன் நான்.

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. நானும் அரும்பாவூர் சுதர்சனும் நாலு வருஷம் அங்கே ஒரு படகில் வேலை பார்த்தோம். பவளப்பாறைகளுக்கு நடுவே மூழ்கி, சிங்கமீனை ஈட்டியால் குத்தி எடுப்பதுதான் வேலை. அது அந்தக் கடலுக்குச் சொந்தமில்லாத மீன், நம் பக்கத்துக் கடல்களிலிருந்து போய்க் குடியேறியது. பாறையிலுள்ள குஞ்சு மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும். "நாமளும் அதுவும் ஒரே ஊர்க்காரங்கடா, அத மட்டும்தான் வெரட்டுறாங்க" என்பான் சுதர்சன்.

குத்திய மீனை மூடி போட்ட குழாயில் அடைக்க வேண்டும், இல்லையென்றால் ரத்த வாடைக்குச் சுறா வரும். ஒருநாள் என் குழாயின் மூடி உடைந்துவிட்டது. திருமழபாடிக்காரனுக்குக் குழாய் எதற்கு? சின்ன வயசில் கொள்ளிடத்தில் மீன் பிடித்தால், செவுளில் கயிறு கோர்த்து, மறுமுனையை அரைஞாணில் கட்டி, தண்ணீரிலேயே இழுத்துக்கொண்டு போவோம். அங்கேயும் அதையே செய்தேன். சிங்கமீனின் விஷமுள்ளைக் கத்தரித்து, ஆறு மீனைக் கோர்த்து, முதுகுப் பக்கம் அரைஞாணில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

ஏழாவது மீனைக் குறிபார்க்கும்போது யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். சுதர்சன் விளையாடுகிறான் என்று திரும்பினால், சுறா. என் உயரம் இருக்கும். மீன்கயிற்றைக் கவ்விக்கொண்டு தலையை உதறுகிறது. நான் அதன் பின்னாலேயே போகிறேன். முடிச்சு முதுகிலிருந்த காற்று சிலிண்டருக்கு அடியில், கைக்கு எட்டவில்லை. அரைஞாணை அறுத்தால் தீர்ந்தது. காலிலிருந்த கத்தியை உருவியும்விட்டேன்.

அறுக்க முடியவில்லை. நான் கிளம்பிய அன்று என் மனைவி மேகலா கட்டிவிட்ட கருப்புக் கயிறு அது. எங்கள் பக்கத்தில் புதுசு கட்டாமல் பழசை எடுக்க மாட்டார்கள். வெறும் இடுப்பு பிணத்துக்குத்தான். சுறா இழுக்கிறது, காற்று குறைகிறது, நான் கத்தியும் கையுமாகச் சம்பிரதாயம் யோசிக்கிறேன். சுதர்சன்தான் பாய்ந்து வந்து ஒரே வெட்டில் அறுத்தான். சுறா மீனோடு போனது.

படகில் ஏறியதும், "உசுரு போவுது, கயித்த நெனச்சுக்கிட்டு நிக்கிறியேடா!" என்று கன்னத்தில் ஒன்று விட்டான். அப்புறம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதன்பிறகு அப்படி ஒரு சிரிப்பு எனக்கு வாய்க்கவே இல்லை.

ஒப்பந்தம் முடிந்து வந்தபோது, கயிறு இத்துப்போய் அறுந்துவிட்டது என்று மேகலாவிடம் சொன்னேன். அவள் புதுசு கட்டினாள். மறுபடி கிளம்பப் போனபோது மட்டும், "வேணாங்க" என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, லாரி ஏறிவிட்டேன். ஆனால் லோடு ஏறும் சத்தத்தில் கண்ணை மூடினால், கிளிமீன்கள் பவளத்தைக் கறுக் கறுக்கென்று கடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சுறாவையும் இன்னொரு தடவை பார்க்க ஆசை. அதன் மேல் கோபமே இல்லை.

போன வாரம் தீவிலிருந்து சுதர்சன் போன் செய்தான். படகுக்கு ஆள் தேவையாம். மேகலாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை புதுக் கயிறோடு வந்து நின்றாள்.

"போயிட்டு வாங்க."

"வேணாம்னு சொன்னியே?"

"சுதர்சன் அண்ணன் அன்னிக்கே போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நான் கட்டுன கயிறே ஒங்கள கொல்லப் பாத்துச்சேன்னு இருந்துச்சு, அதான் வேணாம்னேன். நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு வருசமா பாத்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் புதுசைக் கட்டிவிட்டுப் பழசைக் கத்தரித்தாள். முடிச்சு வேறு மாதிரி இருந்தது. ஒரு முனை நீளமாகத் தொங்கியது.

"இழுங்க" என்றாள்.

"ஏய், வெறும் இடுப்பா..."

"இழுங்கங்கறேன்."

இழுத்தேன். உருவிக்கொண்டு மொத்தக் கயிறும் கையோடு வந்தது. மேகலா என் வெறும் இடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாத்தீங்களா, உசுரோடதான் இருக்கீங்க. அங்கயும் இப்படித்தான் இழுத்துடணும், யோசிக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டு அதே முடிச்சை மறுபடி போட ஆரம்பித்தாள். இரண்டு தடவை தவறிப்போனது.