எடுக்காத போன்கள்

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், காலையிலிருந்து மாலை வரை போன் பேசுவதுதான் அவள் வேலை. அங்கே எல்லோரும் அவளை 'ஹலோ' என்றே கூப்பிடுவார்கள். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை, ஒரு வருடம் முடிந்ததும் அழைத்து அவள் நலம் விசாரிப்பாள்.

"ஐயா, ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். உடம்பு எப்படி இருக்கு?"

"ஏதோ ஓடுதும்மா. மாத்திரையே சோறு மாதிரி ஆயிடுச்சு."

"நடுவுல சோறும் கொஞ்சம் சாப்பிடுங்க ஐயா" என்று சிரித்துவிட்டு, 'உயிருடன் உள்ளார்' என்று கணினியில் பதிவு செய்வாள். மூன்று முறை அழைத்தும் எடுக்காதவர்களுக்கு 'தொடர்பில் இல்லை'. அவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்பது விதி. மிச்சமிருப்பவர்களை வைத்துப் போட்ட கணக்குதான் கீழே வரவேற்பறைப் பலகையில் பெரிய எழுத்தில் தொங்கியது: நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நலம். அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

ஒரு நாள் அந்தப் பலகைக்குக் கீழே அவளுடைய அக்காவும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. இதயமும் பலவீனம், அறுவை சிகிச்சை ஆபத்து, மருந்திலேயே கொஞ்ச காலம் ஓட்டலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ உள்ளேயே இருக்கறவ. நீ சொல்லுடி, செய்யலாமா?" என்றாள் அக்கா.

"உங்க அக்கா என்னையும் நம்பமாட்டா, டாக்டரையும் நம்பமாட்டா. உன்னைத்தான் நம்புவா. பாத்துச் சொல்லு" என்று மாமா சிரித்தார்.

ஹலோ பலகையைக் காட்டினாள். "அதான் எழுதியிருக்கே! போற நாலு பேருல ஒருத்தரா மாமா? இவரு அவ்வளவு சுலபமா உன்னை விட்டுட்டுப் போயிடுவாரா?"

மூவரும் சிரித்தார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. மாமா வீட்டுக்கும் திரும்பினார். சில வாரங்களில் காய்ச்சல் வந்து, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

ஒரு வருடம் கழித்து, அன்றைக்கு அழைக்க வேண்டியவர்களில் மாமாவின் பெயரும் வந்தது. எடுக்க அவர் இல்லை. ஆனாலும் ஹலோ அழைத்தாள். மணி போனது. அந்த போன் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அக்கா அதை அலமாரியில் வைத்து, தினமும் சார்ஜ் போட்டு வருகிறாள். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "எடுக்கலையா? தொடர்பில் இல்லைன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

"இவரு எங்க மாமா சார். செத்துட்டாரு."

"அடடா... ஆனா நோயாளிகிட்டக் கேட்டு எழுதறதுதாம்மா நம்ம முறை."

"செத்தவர்கிட்ட எப்படி சார் கேக்கறது?"

"அதுக்குத்தானே 'தொடர்பில் இல்லை'ன்னு ஒண்ணு வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ஹலோ பட்டியலை மறுபடி பார்த்தாள். அவள் அழைத்த எண்கள் எல்லாமே நோயாளிகளின் சொந்த எண்கள். இருப்பவர் எடுப்பார். இல்லாதவர் எப்படி எடுப்பார்? இத்தனை காலமும், உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிட்டு உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

அக்காவின் எண்ணுக்கு அழைத்தாள்.

"மாமா போன்ல அடிச்சது நீதானே?" என்றாள் அக்கா. "அது அவரு போனு. நான் எடுத்தா அவரு இல்லைன்னு ஆயிடுமேன்னு எடுக்கலை."

அக்காவே தொடர்ந்து கேட்டாள்.

"ஏன்டி, அன்னிக்கு ஒரு பலகையைக் காட்டினியே. அதுல உங்க மாமா எங்க வருவாரு? தொண்ணூத்தாறுலயா, மிச்ச நாலுலயா?"

"ரெண்டுலயும் இல்லக்கா" என்றாள் ஹலோ.

மறுநாளிலிருந்து, போனை எடுக்காதவர்களின் சேர்க்கைப் படிவத்தில் எண் தேடி, அவர்களின் வீட்டாரை அவள் அழைக்கத் தொடங்கினாள். ஊர் மாறிப்போய், எண்ணை மாற்றிக்கொண்டு நன்றாக இருந்தவர்களும் உண்டு. ஆனால் பல வீடுகளில், கேள்வியை முடிப்பதற்குள் அழுகைதான் கேட்டது. 'இறந்தார்' என்று பதிவு செய்தாள். மேலாளர் அவற்றை ஏற்கவில்லை. "வாய் நீளமா இருக்கறவளுக்கு வரவேற்பறைதான் சரி" என்று அவளைக் கீழே மாற்றினார். பலகை அப்படியே தொங்கியது. இப்போது அவள் நாற்காலி அதற்கு நேர் கீழே.

ஒரு நாள், கணவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் பலகையை அண்ணாந்து பார்த்தாள். "இதை நம்பலாமாங்க?"

ஹலோ எழுந்து நின்றாள். முன்பு இதே இடத்தில் அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் நினைவுக்கு வந்தது.

"ஆபரேஷன் வேண்டாம்னு நான் சொல்லலைம்மா. எத்தனையோ பேரு இதனால பிழைச்சிருக்காங்க. ஆனா அந்தத் தொண்ணூத்தாறை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. உங்க வீட்டுக்காரர் மாதிரி உடம்பு உள்ளவங்க எத்தனை பேரு பிழைச்சாங்கன்னு கேளுங்க. போனை எடுக்காதவங்க என்ன ஆனாங்கன்னு கேளுங்க. செத்தவங்களை விட்டுட்டுப் போட்ட கணக்கு, இருக்கறவங்களையும் ஏமாத்திடும்மா. நான் கேக்காம விட்டேன். நீங்க கேக்காம கையெழுத்துப் போடாதீங்க."