அடைக்கப்பட்ட துளை

கணவர் திஹோமிரை அடக்கம் செய்துவிட்டு வந்த நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு லெபோசவாவின் வீட்டுக்குள் காற்று வீச ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. வெளியே பேகெய் ஆற்றங்கரையில் ஓர் இலைகூட அசையாத நாளிலும், கதவு ஜன்னலெல்லாம் இழுத்துச் சாத்திய பின்னும், அது குளியலறைப் பக்கமிருந்து கிளம்பி, நடையைக் கடந்து, சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. பலத்த காற்று என்று சொல்ல முடியாது. செய்தித்தாளைப் புரட்டும் அளவுதான். புரட்டிய தாள் எப்போதும் குறுக்கெழுத்துப் பக்கத்தில் வந்து நின்றது. மேசையில் சூப்பை வைத்தால் ஒரு நிமிஷத்தில் குடிக்கும் பதத்துக்கு ஆறியது. முப்பத்து நாலு வருஷமாக, அவள் நாக்கு சுட்டுக்கொள்ளக் கூடாதென்று, திஹோமிர்தான் அவள் தட்டில் ஊதிக் கொடுத்தவர்.

வேறு ஊராக இருந்தால் இதை யாரும் பெரிதுபடுத்தியிருக்க மாட்டார்கள். ஸ்ரெஞானின் என்ற அந்த ஊர்க்காரர்கள் பனியைத் தாங்குவார்கள், வெள்ளத்தைத் தாங்குவார்கள், மாறி மாறி வந்த அரசாங்கங்களையும் தாங்கினார்கள். இரண்டு திறப்புகளுக்கு நடுவே ஓடும் குறுக்குக் காற்றை மட்டும் அவர்களால் தாங்க முடியாது. கழுத்துப் பிடிப்பு, பல்வலி, சிறுநீரகக் கோளாறு, வாய் கோணல், எல்லாம் அதனால்தான் வருகின்றன என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். கொதிக்கும் ஆகஸ்ட் மாதத்திலும் பஸ்ஸில் இரண்டாவது ஜன்னலைத் திறப்பவனை இறக்கிவிட்டுவிடுவார்கள். ஆகவே லெபோசவாவின் வீட்டுக்கு ஆள் வருவது குறைந்தது. டிசம்பரில் புனித நிக்கோலா நாள்தான் அந்த வீட்டுத் திருநாள். அன்றைக்கு விருந்தாளிகளை அழைக்க வேண்டியதில்லை, தாமாகவே வருவார்கள். முதல் வருஷம் வந்தவர்கள் கழுத்துத் துண்டை அவிழ்க்காமல், படையல் கோதுமையை வாசலில் நின்றபடியே ஒரு கரண்டி தின்றுவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருஷம் பாதிரியார் மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். இருபது பேருக்குச் சமைத்ததை அவள் ஒருத்தியே ஒரு வாரம் சாப்பிட்டாள்.

அந்த மூன்றாம் வருஷத்தில்தான் வெளிநாட்டில், கிராட்ஸில் இருக்கும் அவள் மகள் யாகோடாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதைக் காட்ட வருவாள் என்று லெபோசவா தொட்டிலை இறக்கித் துடைத்து வைத்தாள். யாகோடா போனில் சொன்னாள்: "அந்தக் காத்துல எம்புள்ளய கொண்டாந்து போட மாட்டேன்மா. வீட்ட சரி பண்ணு, வர்றேன்."

வீட்டைச் சூடாக்க அப்போது எதுவும் இல்லை. வெந்நீருக்கும் வீட்டுச் சூட்டுக்குமாகச் சுவரில் தொங்கிய கேஸ் பாய்லரின் புகை வெளியேறாமல் குளியலறைக்குள்ளேயே நின்றுதான் திஹோமிர் தொட்டியில் இறந்துபோனார். எதனால் நின்றது என்று யாருக்கும் பிடிபடவில்லை. பாய்லரைக் கழற்றிக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். லெபோசவா அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சர்க்கரை டப்பாவில் போட்டுவிட்டு, சமையலறையில் வாளி வைத்துக் குளித்தாள். காற்று பூட்டிய கதவின் அடியிடுக்கு வழியாக வந்துபோனது.

பேத்திக்காக அவள் மேஸ்திரிகளைக் கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் வந்தவன் எதிர்வீட்டு ஸ்தமென்காவின் மாப்பிள்ளை. அந்த ஊரில் எந்த மேஸ்திரியும் வீட்டுக்குள் கால் வைத்ததும், எதையும் பார்ப்பதற்கு முன்பே, "இத யாரு செஞ்சது உங்களுக்கு?" என்றுதான் கேட்பான். வணக்கம் சொல்வது மாதிரி அது. முன்னால் வந்தவன் எவனோ ஒரு மடையன், இனி நானாச்சு என்று அர்த்தம். அந்தக் கேள்வி கேட்டபோதெல்லாம் லெபோசவா காப்பி போடத் திரும்பிக்கொள்வாள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி வைப்பாள். மாப்பிள்ளை காப்பி குடித்து, பிளம் சாராயம் குடித்து, மின்சார பாய்லர் மாட்டிவிட்டுப் போனான். குழாய்கள் கொதித்தன, வீடு பதினோரு டிகிரியில் நின்றது. அடுத்தவன் அவனைத் திட்டிவிட்டு வெப்பக் காற்று ஊதும் இரண்டு ஏசி மாட்டினான். மூன்றாமவன் இருவரையும் திட்டிவிட்டு ஜன்னல் இடுக்கெல்லாம் அடைப்பு நுரை அடித்தான். பதினோரு டிகிரிதான். மூன்று பேருமே கழுத்துப் பிடித்துக்கொண்டுதான் திரும்பினார்கள். லெபோசவாவுக்கு மட்டும், வாழ்நாள் முழுக்க விடாத கழுத்துவலி அந்தக் காற்றில் ஒருநாளும் வரவில்லை.

"தெரிஞ்சவன் சொந்தக்காரன்னு யாரையும் விடாதம்மா," என்றாள் யாகோடா. "முறையா படிச்சு, சர்டிபிகேட் வச்சிருக்கற ஆளா பாத்துக் கூப்பிடு. அவரு சரின்னு சொன்னா அடுத்த மாசமே வர்றேன். பாப்பா நடக்க ஆரம்பிச்சாச்சு."

அப்படித்தான் குவோஸ்டென் வந்தார். ஐம்பது வயது, தலைநகர் பெல்கிரேடில் தேர்வெழுதி வாங்கிய சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அதை நீட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். சாராயம் வேண்டாம் என்றார். யார் செய்தது என்று கேட்கவில்லை. சுவரை அளந்தார், ஜன்னலை அளந்தார், கூரை ஏறிப் பார்த்தார், எல்லாவற்றையும் தாளில் எழுதினார். பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அங்க ஒண்ணுமில்ல," என்றாள் லெபோசவா.

"ஒரு ரூம விட்டுட்டு நான் கணக்கு போட மாட்டேன்க்கா. குத்துமதிப்பா செய்யணும்னா ஊர்ல வேற ஆளுங்க இருக்காங்க."

அவள் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். உள்ளே போனதும் குவோஸ்டென் ஓர் ஊதுபத்தி மாதிரியான புகைக்குச்சியைப் பற்றவைத்தார். புகை நேராக மேலே போய், வெளிச்சுவரில் உயரத்தில் இருந்த கையகலத் துளைக்கு முன்னால் நின்றது, பிறகு உள்நோக்கித் திரும்பியது. அவர் ஏணி போட்டு ஏறி, துளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத யாரு செஞ்சது உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர். பாய்லருக்குக் காத்து வேணும்னு புத்தகத்துல போட்டிருக்காம். ஒரு ஞாயித்துக்கிழம பூரா உக்காந்து குடைஞ்சாரு."

"நல்லா செஞ்சிருக்காரு. அளவு பிசகல," என்றார். அந்த ஊரில் ஒரு மேஸ்திரி அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. பிறகு கம்பி வலையில் சிக்கியிருந்த பழுப்புக் கம்பளி நூல் ஒன்றை இழுத்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இத யாரு செஞ்சது?"

லெபோசவா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான்தான்," என்றாள். "அவருக்குக் கழுத்து புடிச்சிருந்துச்சு. ஈரத்தலையோட குறுக்குக் காத்துல நிக்கறாரேன்னு பழைய ஸ்வெட்டர் கையை வச்சு அடச்சேன். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எடுத்து ஒளிச்சுட்டேன்."

குவோஸ்டென் ஏணியிலிருந்து இறங்கிச் சமையலறைக்குப் போய், வேண்டாமென்ற சாராயத்தை அவரே ஊற்றிக் குடித்துவிட்டு வந்தார். "ஒவ்வொரு குளிர்காலமும் நாலு வீட்ல இப்படி துளைல அடச்ச துணிய புடுங்கறேன்க்கா," என்றார். "எங்கம்மா வீட்லயே புடுங்கினேன். அடுத்த வாரம் போனா திரும்ப அடச்சு வச்சிருக்கு." கொஞ்ச நேரம் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "இப்ப கேஸ் இல்ல. இந்தத் துளை தேவையுமில்ல. பத்து நிமிஷத்துல பூசிடலாம், காத்து நின்னுடும், பேத்தி வருவா. நீங்க சொன்னாத்தான் செய்வேன்."

காற்று அவள் முன்நெற்றி மயிரை விலக்கியது. பேத்தியின் முகத்தை அவள் போன் திரையில் மட்டுமே பார்த்திருந்தாள்.

"ஒரு தடவ அடச்சாச்சு," என்றாள். "போதும்."

குவோஸ்டென் தாளில், திறப்புகள் என்ற இடத்தில், 'ஒன்று, நிரந்தரம்' என்று எழுதி, அதையும் கணக்கில் சேர்த்து, வீட்டைச் சூடாக்கும் பெரிய இயந்திரமாகப் போட்டுக்கொடுத்தார். வீடு இருபத்தொரு டிகிரிக்கு வந்தது. காற்று அப்படியேதான் இருந்தது, வெதுவெதுப்பாக. அன்று மாலையே லெபோசவா மகளுக்குப் போன் போட்டு, ஸ்வெட்டர் கையைப் பற்றிச் சொன்னாள்.  மறுமுனையில் இணைப்பு அறுந்தது. பத்து மாதம் யாகோடா பேசவில்லை. லெபோசவா ஒருநாளும் அவளைக் குறை சொல்லவில்லை. இலையுதிர்காலத்தில் ஃபில்டர் கழுவ வந்த குவோஸ்டெனிடம், தொட்டிலை ஸ்தமென்கா வீட்டில் கொடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள். அவர் கேட்காதது போல ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த புனித நிக்கோலா நாளில் யாகோடா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.  நேராகக் குளியலறைக்குப் போய், துளைக்குக் கீழே நின்று, கழுத்துத் துண்டை அவிழ்த்தாள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். அழுத முகத்தை அந்தக் காற்றே உலர்த்தியது. பிள்ளையைப் பார்க்கும் ஆசையில் வாசல்வரை வந்த ஸ்தமென்கா, கோட்டுக் காலரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, குறுக்குக் காத்து அடிக்குது, அந்தக் கதவயாவது சாத்துங்களேன்," என்றாள்.

"திறந்தே இருக்கட்டும் அத்தே," என்றாள் யாகோடா.

பிறகு மூன்று பேரும் சூப் குடிக்க உட்கார்ந்தார்கள். காற்று வழக்கம்போல நடையைக் கடந்து வந்தது. முதலில் பிள்ளையின் தட்டு ஆறியது, அடுத்து யாகோடாவின் தட்டு. லெபோசவா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள்.