உலகம்மாளின் வளையல் கழலவில்லை

பாலைத் திணை நடத்தும் நாட்களில் பிளஸ் ஒன் வகுப்பறைக்குள் மணல் வரும். கதவிடுக்கு வழியாக வந்து, பெஞ்சுக் கால்களை மூடி, பிள்ளைகளின் கணுக்கால் வரை ஏறி நின்றுகொள்ளும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாடம், பொருள் தேடப் பிரிந்துபோன தலைவனை நினைத்துத் தலைவி மெலிவது. தமிழம்மா உலகம்மாள் பாட்டை ஒருமுறை வாசித்தாள். மறுமுறை வாசிக்கும்போது வளையல்கள் கழல ஆரம்பித்தன. அதுவும் வழக்கந்தான். முன்பெஞ்சு ஜாஸ்மினின் கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக நழுவி மணலில் விழுந்தன.

"உனக்கு யாருட்டி பிரிஞ்சா?"

"போன் தமிழம்மா. எங்கம்மா பிடுங்கி பீரோவுல வச்சிட்டாவ."

"சரி. பாட்டக் கவனி."

பேச்சித்தாய் எழுந்து நின்றாள். கேள்வி கேட்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு வருகிறவள்.

"தலைவி எதுக்கு மெலியுதா?"

"பிரிவு தாங்க மாட்டாம."

"அவன் போன பெறவு அவ நல்லா சாப்ட்டு, நல்லா தூங்குனான்னா அது என்ன திணை?"

"அப்படி ஒரு திணை இல்ல."

"திணை இல்லாட்டி அவ எங்க நிப்பா?"

உலகம்மாள் குனிந்து பார்த்தாள். அவள் காலைச் சுற்றி மட்டும் மணல் இல்லை. ஒரு சாக்கு விரிக்கிற அளவுக்கு வெறும் சிமெண்டுத் தரை. துடைத்து விட்டதுபோல் இருந்தது. அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தாள். தரையும் கூடவே நகர்ந்தது.

"தமிழம்மா, உங்க வளையல் அப்படியே இருக்கு," என்றாள் பேச்சித்தாய்.

அது தங்க வளையல். கணவன் சிவஞானம் மஸ்கட்டுக்குப் புறப்படும் முன்பு வாங்கிப் போட்டது. போடும்போது லொடலொடவென்று இருந்தது. இப்போது சதையில் பதிந்து வரி விழுந்திருந்தது.

ஜாஸ்மின் எழுந்து வந்து வளையலுக்கும் கைக்கும் நடுவில் பேனாவை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. ரீஃபிலை மட்டும் கழற்றி நுழைத்தாள். அதுவும் நுழையவில்லை.

"நீர் கோத்துருக்கு," என்றாள் உலகம்மாள். "கை வீக்கம்."

யாரும் நம்பவில்லை. பிள்ளைகள் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

தலைமையாசிரியை உள்ளே வந்தார். அவருடைய வளையல்கள் வாசலிலேயே கழன்று உருண்டு போயின.

"மேடம் வீட்டு சார் பக்கத்து ரூம்லதான கணக்கு நடத்துதாரு," என்று பேச்சித்தாய் பக்கத்தில் கிசுகிசுத்தாள்.

"நடுவுல சுவரு இருக்குல்லா," என்றார் தலைமையாசிரியை. கோபமில்லை. பிறகு உலகம்மாளைப் பார்த்தார். "நீங்க ஏன் இன்னும் போட்டுருக்கீங்க?"

"கழலல மேடம்."

"மறுபடி வாசிச்சீங்களா?"

"வாசிச்சாச்சு."

"அப்ப அவரு பிரிஞ்சதாவே ஆகாதே. ஒருத்தர் போனா ஒருத்தி மெலியணும். இல்லாட்டி ஆளத் திருப்பி அனுப்பிருவாங்க. பாட்டனி டீச்சர் வீட்டுல அப்படித்தான் ஆச்சு."

"இப்ப அந்த டீச்சர் வீட்டுக்காரரு என்ன செய்தாரு?"

"பூந்தொட்டிய இங்கருந்து அங்க வைக்காரு. அங்கருந்து இங்க வைக்காரு." தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கண்ண மூடுங்க. அவர நெனைங்க."

உலகம்மாள் கண்ணை மூடினாள். மீசை வந்தது. காப்பி கேட்கும் குரல் வந்தது. முகம் வரவில்லை. இன்னும் இறுக்கி மூடினாள். கட்டில் வந்தது. அதில் அவள் குறுக்காகப் படுத்துக் கிடந்தாள். ஃபேன் அவள் வைத்த வேகத்தில் ஓடியது. டிவி ரிமோட் தலையணைக்கு அடியில் இருந்தது. பிறகு ஒரு சட்டி மீன் குழம்பு வந்தது, அவளுக்குப் பிடித்த மாதிரி புளி தூக்கலாக. சட்டியோடு மடியில் வைத்துச் சாப்பிட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

குழம்பு வாசனை வகுப்பறை முழுக்கப் பரவியது.

"அயிலையா, சாளையா தமிழம்மா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"சாளை," என்றாள் உலகம்மாள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

தலைமையாசிரியை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்திய விதம் நாகரிகமாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"தமிழம்மா, வராந்தாவுல ஒருத்தர் வாராரு," என்றாள் பேச்சித்தாய்.

வராந்தா காலையிலிருந்தே நீண்டுகொண்டிருந்தது. அதன் கடைசி இப்போது கானலுக்குள் இருந்தது. அங்கே ஓர் ஆள் புள்ளி மாதிரித் தெரிந்தார்.

"பெட்டி வச்சிருக்காரா?"

"தோள்ல வச்சிருக்காரு. இடது காலு கொஞ்சம் வெளிய சாயுது."

அது சிவஞானத்தின் நடை. முகம் மறந்தவளுக்கு நடை நினைவிருந்தது.

"அவரு வாரதுக்குள்ள கழத்திருவோம். கழன்ட கையப் பாத்தாருன்னா பிரிவு செல்லும்னு வாசல்லயே மஸ்கட்டுக்குத் திரும்பிருவாரு," என்றார் தலைமையாசிரியை.

லேபிலிருந்து சோப்பு வந்தது. பேச்சித்தாய் வளையலைப் பிடித்து இழுத்தாள். ஜாஸ்மின் உலகம்மாளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியை பாட்டை உருக்கமாக வாசித்தார். பின்பெஞ்சில் இரண்டு பேர் அழுதார்கள். வளையல் சுற்றிச் சுற்றி வந்தது. அழுக்குப் போய்ப் பளபளத்தது. கழலவில்லை.

"உள்ள வரலாமா?"

சிவஞானம் வாசலில் நின்றார். பெல்ட்டு இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. பெட்டியை இறக்கக் கையைத் தூக்கினார். வாட்ச் முழங்கை வரைக்கும் ஓடியது. கையை இறக்கினார். மணிக்கட்டைத் தாண்டி விழப் போனதை விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டார். பழகிய கை.



"தலைவனுக்கு இப்படி வருமா?" என்று பேச்சித்தாய் மெதுவாகக் கேட்டாள்.

"பாடத்துல இல்ல," என்ற தலைமையாசிரியை தன் வளையல்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

உலகம்மாள் சோப்புக் கையை முந்தானைக்குள் ஒளித்தாள். "வாங்க," என்றாள்.

"சாப்ட்டியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே ஒரு இல்லை. அது எல்லாவற்றையும் நேராக்கிவிடும். வாயைத் திறந்தாள்.

"சாப்ட்டேன்."

"வயிறு நெறயவா?"

"ம்."

"நல்லது," என்று சிவஞானம் சிரித்தார். வேஷமில்லாத நிம்மதி. "அங்க படுத்தா அதே யோசனைதான். ஒருத்திக்குன்னு எதுக்கு உலை வைக்கன்னு தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்திருவியோன்னு."

அவள் சுவரைப் பார்த்தாள். சுவர் மட்டும்தான் அவளைப் பார்க்காமல் இருந்தது.

கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்தார். மணல் அவருக்கு முழங்கால் வரை ஏறியது.

"நீ நடத்து. கேட்டுட்டுப் போயிருதேன்."

"திரும்பப் போணுமா?"

"இந்தப் பிரிவு செல்லாதாம். மொதல்லருந்து பிரியணும்னுட்டாங்க."

உலகம்மாள் புத்தகத்தை எடுத்தாள். பேச்சித்தாய் மறுபடியும் எழுந்தாள்.

"தமிழம்மா, தலைவி சாப்ட்டாளான்னு பாட்டுல தலைவன் கேக்கானா?"

"இல்ல."

"கேக்கவே மாட்டானா?"

"கேட்டிருப்பான்," என்றாள் உலகம்மாள். "அவதான் தோழிகிட்டகூடச் சொல்லிருக்க மாட்டா."

புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தலைவி மெலிந்த பாட்டை முதல் அடியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். கடைசிப் பெஞ்சில் சிவஞானம் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார்.